மூன்றாவது பிரதி

எம்மெட் க்ரோலுக்கு டைப் அடித்துக் கொடுக்கும் வேலையில் நான் சேர்ந்தது 1952 மார்ச்சில். அவருக்கு முப்பத்தாறு வயது, எனக்கு இருபத்தாறு. நெப்ராஸ்காவில் பிறந்தவர். சிகாகோவில் பத்து வருடம் வானொலி நாடகம் எழுதியவர். வானொலிக்கு விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த சோப்புக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக டெலிவிஷன் பக்கம் சாய்ந்தபோது, மனைவி அடெலைப் பழைய பிளிமத் காரில் ஏற்றிக்கொண்டு அவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்துவிட்டார்.

டெலிவிஷன் தொடர்கள் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவின் பின்பக்கம், தச்சுப் பட்டறைக்கு மேலே எங்கள் அறை. பகல் முழுக்க ரம்பச் சத்தம். அவர் நடந்துகொண்டே கௌபாய் கதை சொல்வார், நான் அடிப்பேன். ஷெரீப்பும் அவர்தான், மாடு திருடுகிறவனும் அவர்தான், ஷெரீப்பின் மகளும் அவர்தான். மகள் பேசும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சேர்ந்த முதல் வாரம், "பன்னிரண்டு குதிரைகள் மலையிறங்கி வருகின்றன" என்று அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"குதிரைன்னு போடாதே அம்மணி."

"நீங்கதானே சொன்னீங்க?"

"வேகத்துல சொல்லிட்டேன். குதிரைன்னு எழுதினா தயாரிப்பாளர் எத்தனைன்னு கேப்பார். ‘தூரத்தில் குளம்படிச் சத்தம்’னு மாத்து. சத்தத்துக்குத் தீனி வைக்க வேண்டாம்."

தொழிலை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. ஒரு நாளைக்கு இருபது பக்கம் அடித்தால் ஏதாவது ஒட்டிக்கொள்ளும். அவருக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, எல்லாவற்றையும் பாத்திரங்கள் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். "பாக்கறவங்கள்ல பாதிப் பேர் பாக்கறதே இல்ல, கேக்கறாங்க. அடுப்படியில உருளைக்கிழங்கு உரிக்கிறவளுக்கும் கதை புரியணும்" என்பார். இன்னொன்று கதவு. காட்சி முடிகிற இடத்தில் ஒருவன் வெளியே போகக் கதவைத் திறப்பான், நிற்பான், திரும்பி ஒரு வார்த்தை சொல்வான். அதற்குப் பிறகுதான் விளம்பரம். ‘எம்மெட்டின் கதவு’ என்று நாங்கள் அதற்குப் பெயரே வைத்திருந்தோம். அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

1955-இல் ‘செம்மண் கணவாய்’ என்ற கௌபாய் தொடர் ஆரம்பித்தது. வருடத்துக்கு முப்பத்தொன்பது எபிசோட். எம்மெட்தான் கதை இலாகாவுக்குத் தலைவர். அவருக்குக் கீழே ஐந்து எழுத்தாளர்கள். அவர்கள் எழுதுவது எல்லாம் அவர் மேஜைக்கு வரும், பாதியை அவரே திருப்பி எழுதுவார். அந்த முதல் வருடம் ஒரு நாள் அவருக்குக் கடுமையான காய்ச்சல். மறுநாள் படப்பிடிப்பு, ஒரு காட்சி பாக்கி. நானே உட்கார்ந்து நான்கு பக்கம் அடித்து நடுவில் செருகிவிட்டேன். மூன்று நாள் கழித்து வந்தவர் படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நீங்கதான். காய்ச்சல்ல ஞாபகம் இருக்காது."

"நான் இவ்வளவு நல்லா எழுதியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும்."

அன்று மத்தியானமே தயாரிப்பாளரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "இவ பேரு வில்மா டேட். எட்டாவது எபிசோட்ல இவ பேரையும் போடணும்" என்றார். தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். "பொம்பளைக்குத் துப்பாக்கிச் சண்டை வருமா?" என்று அவரிடம் கேட்டார். "எனக்கு மட்டும் வருமா என்ன? நான் முயலைக்கூடச் சுட்டதில்ல" என்றார் எம்மெட். பெயர் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து எனக்கு வேறு மேஜை, அவருக்கு வேறு டைப்பிஸ்ட்.

இதைச் சொல்வதற்குக் காரணம், பின்னால் நான் செய்ததற்கு அது ஒரு காரணம் என்பதுதான்.

தொடர் ஆறு வருடம் ஓடியது. எழுத்தாளர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசி மூன்று வருடம் பெர்ரி லக்ஸ்டன் என்று ஒருவன் இருந்தான். பசடேனாக்காரன், நல்ல உடை உடுத்துவான். யார் மாதிரி வேண்டுமானாலும் எழுதுவான். எம்மெட் அவனுடைய பக்கங்களைத் திருத்துவது நாளாக ஆகக் குறைந்தது. திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது. அவர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருக்கும். "எனக்கு ஒரு கார்பன் காப்பி கெடைச்சிருக்கு" என்று எம்மெட் அவன் எதிரிலேயே சொல்வார். அவனும் சிரிப்பான்.

1961-இல் தொடரை நிறுத்தினார்கள். வீடுகளில் எல்லாரும் டாக்டர் தொடர்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நான் ஒரு ஆஸ்பத்திரித் தொடரில் சேர்ந்துகொண்டேன். எம்மெட்டுக்கு அங்கேயும் இங்கேயுமாக ஒன்றிரண்டு எபிசோட் கிடைத்தது. நாய் ஒன்று துப்பு துலக்கும் தொடருக்குக்கூட எழுதினார். வியாழக்கிழமை மத்தியானம் வென்ச்சுரா சாலையில் ஒரு காப்பிக் கடையில் நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அவர் எப்போதும் வெங்காயத்தோடு வறுத்த ஈரல்தான் சொல்வார். அடெலுக்கு ஈரல் நாற்றம் ஆகாது.

அடுத்த வருடம் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"படம் ஒண்ணு வந்திருக்கு" என்றார்.

"டெலிவிஷனுக்கா?"

"இல்ல. படம். தியேட்டர்ல ஓடுற படம்."

"என்ன கதை?"

"நெப்ராஸ்காக்காரன் ஒருத்தன். அவன் தம்பி ரீனோவுல செத்துப்போறான். பொணத்தை எடுத்துட்டு வர்றதுக்கு அண்ணன் ரயில் ஏறிப் போறான். அவ்வளவுதான்."

"துப்பாக்கி?"

"கெடையாது."

"குதிரை?"

"சத்தம்கூடக் கெடையாது."

"பேரு என்ன வெச்சிருக்கீங்க?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நின்னுபோயிடும். இதுவரைக்கும் மூணு நின்னுபோச்சு, மூணையும் உன்கிட்டதான் சொன்னேன்."

ஸ்டுடியோ முன்பே யாரிடமாவது எழுதி வாங்கியதா, இவர்தான் முதல் ஆளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏழு மாதம் அதிலேயே இருந்தார். டெலிவிஷன் வேலை வந்ததை எல்லாம் வேண்டாம் என்றார். அந்த ஏழு மாதமும் வியாழக்கிழமைகளில் நான்தான் பேசினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும், எழுந்து போகிற சமயத்தில், "பெரிய திரையில என் பேரு ஒரே ஒரு தடவை வந்துட்டா போதும் வில்மா. அப்புறம் ஆயுசு முழுக்க அந்த நாய்க்கே எழுதறேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

1963 ஏப்ரலில் எங்கள் எழுத்தாளர் சங்கத்திலிருந்து எனக்கு ஒரு தடித்த பழுப்பு உறை வந்தது. ஒரு படத்துக்கு யார் பெயரைப் போடுவது என்று தகராறு வந்தால், சங்கம் உறுப்பினர்களிலேயே மூன்று பேரை நடுவர்களாக வைக்கும். எழுதியவர்களுக்கு நடுவர் யார் என்று தெரியாது. நடுவர்களுக்கு எழுதியவர்கள் யார் என்று தெரியாது. நடுவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. உறைக்குள் மூன்று பிரதிகள் இருந்தன, மேலே பெயருக்குப் பதில் ஏ, பி, சி. படத்தின் பெயர் ‘ரீனோவில் ஒரு வாரம்’.

முதல் பக்கத்தைப் புரட்டினேன். நெப்ராஸ்காக்காரன் ஒருவன் தந்தியோடு ரயில் நிலையத்தில் நிற்கிறான்.

மேலே பின் அடித்திருந்த தாளில் விதி தெளிவாக இருந்தது. எழுதியவர்களில் ஒருவரைத் தெரியும் என்று பட்டால் உடனே உறையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். நான் திருப்பி அனுப்பவில்லை. நான் இல்லாவிட்டால் வேறு யாராவது படிப்பார்கள், அவர்களுக்கு எம்மெட் யார் என்று தெரியாது, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அது எனக்குக் குற்றமாகப் படவில்லை. ஒரு சிநேகிதருக்காகச் செய்வதாகவே பட்டது.

ஏ பிரதியை ஒதுக்கிவிட்டேன். யாரோ நாவலாசிரியர் எழுதியது, நூற்றெண்பது பக்கம், பாதி வானிலை. அதைப் பற்றித் தகராறும் இல்லை. ஸ்டுடியோ சி-யின் பெயரை மட்டும் போட இருந்தது. பி ஆட்சேபித்திருந்தார். கேள்வி அந்த இருவருக்கும் நடுவில்தான்.

பி-யைப் படிக்க ஆரம்பித்துப் பத்துப் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரயில் பெட்டியின் கதவைத் திறக்கிறான், நிற்கிறான், திரும்பி ஒரு வார்த்தை. எண்ணிக்கொண்டே போனேன். மொத்தம் ஒன்பது கதவுகள். எல்லாரும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னார்கள். நேர்த்தியான வேலை. இறந்துபோன தம்பிக்கு ரீனோவில் இன்னொரு மனைவி இருக்கிறாள் என்று அண்ணனுக்குத் தெரியவருகிறது. அவளை வீட்டை விட்டுத் துரத்தப் போகிறான். சமையலறையில் வைத்து அவளிடம் ஒன்றரைப் பக்கம் பேசுகிறான், அவள் அழுகிறாள், கதவு.

பிறகு சி. கதை அதேதான், ஆட்கள் அதே ஆட்கள், வரிசைகூடப் பெரும்பாலும் அதே வரிசை. நாற்பத்தோராம் பக்கத்தில் அதே சமையலறை. அண்ணன் உள்ளே வருகிறான். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி இருக்கிறது, அதில் தண்ணீர் சொட்டுகிறது. அவன் வாளியைப் பார்க்கிறான். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தரையில் படுத்துத் தொட்டிக்கு அடியில் போகிறான். கையை நீட்டுகிறான். அவள் இழுப்பறையைத் திறந்து ஸ்பானரை எடுத்துத் தருகிறாள். ஒரு முழுப் பக்கம் பேச்சே இல்லை. சொட்டுவது நின்ற பிறகு, "அவர் செவ்வாக்கிழமை சரி பண்றேன்னு சொல்லியிருந்தார்" என்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

படித்துவிட்டுப் பிரதியைக் கீழே வைத்தேன். நல்ல எழுத்து என்று தெரிந்தது. எம்மெட் அல்ல என்றும் தெரிந்தது. பதினோரு வருடம் அவர் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தவள் நான். அவருடைய ஆட்கள் தொட்டிக்கு அடியில் போய்ப் படுக்கிறவர்கள் இல்லை.

சங்கத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். எலும்புக்கூடு முழுக்க பி-யுடையது, சி செய்தது மெருகு மட்டும், ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கு அழகாகச் சுண்ணாம்பு அடித்தவரை அதைக் கட்டியவர் என்று சொல்ல முடியாது என்றேன். பின்னால் வருகிறவர்தான் தன் பங்கு பெரிது என்று நிரூபிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை மூன்று இடத்தில் எடுத்துக் காட்டினேன். நான் எழுதியதிலேயே நன்றாக எழுதியது அந்தக் கடிதம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். சமையலறைக் காட்சியைப் பற்றி ஒரு வரியில், "ஒரு காட்சி தனித்து நிற்பது உண்மைதான்" என்று எழுதி, அதற்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை எம்மெட் ஆபீசுக்கு போன் பண்ணினார்.

"முடிவு வந்துடுச்சு" என்றார்.

எதைப் பற்றி என்று தெரியாதவள் போல, "எதுக்கு முடிவு?" என்றேன்.

"படத்துக்குப் பேர் போடுறதுல தகராறு. உன்கிட்டச் சொல்லல. ரெண்டுக்கு ஒண்ணு. பெர்ரிக்குப் போயிடுச்சு."

"எந்த பெர்ரி?"

"எத்தனை பெர்ரி தெரியும் உனக்கு? நம்ம லக்ஸ்டன்தான். எனக்கு முன்னாடி அவன் அதுல எழுதியிருந்தான். அவன் எழுதினது சரியில்லன்னுதான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் மூணாவது ஆள்."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வில்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"அடெல்கிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்டச் சொல்லிப் பாத்துட்டு அப்புறம் சொல்லலாம்னு." பிறகு, "சரி, வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

அன்று எனக்கு ஒரு அறுவை சிகிச்சைக் காட்சி எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

படம் அக்டோபரில் வந்தது. எம்மெட் மூன்று டிக்கெட் வாங்கிவைத்து, வந்தே ஆக வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. அடெல் நடுவில் உட்கார்ந்தாள். ‘திரைக்கதை: பெர்ரி லக்ஸ்டன்’ என்று எழுத்து வந்தபோது அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். எம்மெட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் காட்சி வந்தது. தியேட்டரில் சத்தமே இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சோளப்பொரி உறைக்குள் விட்ட கையை வெளியே எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "செவ்வாக்கிழமை" என்ற வார்த்தை வந்ததும் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வெளியே வந்ததும் அடெல், "கார் எங்க நிறுத்தினோம்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் மூன்று வியாழக்கிழமை ஏதோ சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தேன். நான்காவது வியாழக்கிழமை போனேன். அவர் ஈரல் சொன்னார், நான் காப்பி மட்டும் சொன்னேன்.

"உடம்பு சரியில்லையா?"

"நடுவர் மூணு பேர்ல நான் ஒருத்தி" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவர் முள்கரண்டியை வைத்தார். "சொல்லக்கூடாது அதை. விதி."

"தெரியும்."

"ரெண்டுக்கு ஒண்ணுல நீதான் அந்த ஒண்ணா?"

"இல்ல."

பரிமாறும் பெண் வந்து காப்பியை நிரப்பினாள். "இன்னிக்கு செர்ரி பை நல்லா இருக்கு, கொண்டு வரட்டுமா?" என்றாள். எம்மெட் "ஒண்ணு குடும்மா" என்றார். அவள் போனாள்.

"பி நீங்கன்னு நெனச்சேன்" என்றேன். "உங்களுக்குன்னுதான் எழுதினேன். ஒன்பது கதவு இருந்துது அதுல."

"கதவை எண்ணினியா?"

"எண்ணினேன்."

"பெர்ரி மூணு வருஷம் என் அறையில உக்காந்திருந்தான். கதவு வைக்கத் தெரியாதா அவனுக்கு? உனக்கே தெரியும். நீயும்தான் வெச்சே." அவர் குரல் உயரவில்லை. "சி-யைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முழுசா."

"எந்தப் பக்கத்துல அது நான் இல்லன்னு முடிவு பண்ணினே?"

பொய் சொல்லியிருக்கலாம். "நாப்பத்தொண்ணு" என்றேன்.

"தொட்டி."

"ஆமா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பக்கம் எனக்குப் பதினோரு நாள் ஆச்சு" என்றார். "மொதல்ல ரெண்டு பேரும் பேசினாங்க. பெர்ரி எழுதினதைவிட நல்லாவே பேசினாங்க. ஒவ்வொரு நாளும் ஒரு வரியா அடிச்சேன். பத்தாவது நாள் பேச்சே இல்ல. ஒரு நாள் முழுக்க அப்படியே வெச்சுப் பாத்தேன், நிக்குதான்னு."

"நின்னுது எம்மெட்."

"நடுவரா இருக்கக்கூடியவங்க மொத்தப் பட்டியலும் முன்னாடியே எங்களுக்கு வரும், தெரியுமா? வேண்டாத பேரை அடிச்சுடலாம். உன் பேரு இருந்துது. நமக்குப் பழக்கம், விதிப்படி நான் அடிச்சிருக்கணும். அடிக்கல."

"ஏன்?"

"நீ கண்டுபிடிச்சுடுவேன்னு நெனச்சேன்."

பை வந்தது. அவர் அதைத் தொடவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு, என் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கோபமாகப் போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. நான் போன் பண்ணினால் அடெல் எடுப்பாள். "வெளிய போயிருக்காரும்மா" என்பாள். பின்னால் டைப்ரைட்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த எட்டு மாதத்தில் பெர்ரி பெரிய ஆளாகிவிட்டான். அந்த ஒரு காட்சிக்காகவே அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு விருந்தில் என்னை ஓரமாக அழைத்துப் போனான். கையில் கோப்பை, முகம் சிவந்திருந்தது.

"அந்தத் தொட்டி என்னுது இல்ல வில்மா. உனக்கு மட்டும் சொல்றேன். போற எடமெல்லாம் அதையே கேக்கறாங்க. என்னுது இல்லன்னு சொல்ல முடியுமா நான்?"

"முடியும்" என்றேன்.

"முடியும்தான்" என்றான், யோசித்து. பிறகு யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய ஏஜென்ட் ஆட்சேபிக்கச் சொன்னார், ஆட்சேபித்தான். அவன் எழுதியதும் அதில் இருந்தது உண்மை. நியாயமாகப் பார்த்தால் இரண்டு பெயரும் வந்திருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பை எழுத எனக்கு வாய்ப்பு இருந்தது.

1964 கோடையில் என்னை ஆஸ்பத்திரித் தொடரின் கதை இலாகாவுக்குத் தலைவியாக்கினார்கள். முதல் வாரமே எம்மெட்டின் ஏஜென்டுக்குச் சொல்லியனுப்பினேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மிஸ் டேட், டாக்டருக்கு இந்த வாரம் என்ன வியாதி?"

"டாக்டருக்கு இல்ல, நர்சுக்கு. எம்மெட், அப்படிக் கூப்பிடாதீங்க."

"ஒரு ரெண்டு எபிசோட் கூப்பிடறேன். அதுக்கப்புறம் மறந்துடும்."

மறந்துவிட்டது. நான்காவது எபிசோட் சமயத்தில் மறுபடி ‘அம்மணி’ ஆகிவிட்டேன். சொன்ன தேதிக்குக் கொடுப்பார், சொன்ன நீளத்துக்குக் கொடுப்பார், எல்லாரும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார்கள். ஒரு தடவை, "இதுலயும் கொஞ்சம் பேசாம இருக்க விடலாமே" என்று தயங்கிச் சொல்லிப் பார்த்தேன்.

"இது டெலிவிஷன்" என்றார். "சும்மா இருந்தா பெட்டி ரிப்பேர்னு நெனச்சுக் குட்டுவாங்க."

நடுவில் சொந்தமாக இரண்டு படக்கதை எழுதினார். யாரும் கேட்டு எழுதியதில்லை. ஏஜென்ட் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக எடுத்துக்கொண்டு போனார். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, இதற்கு முன்னால் இவருக்கு எந்தப் படத்தில் பெயர் வந்திருக்கிறது என்பது. வரவில்லை என்றதும் மேஜையின் அந்த ஓரத்தில் வைத்துவிடுவார்கள்.

சங்கத்திலிருந்து வருடா வருடம் என்னை நடுவராக இருக்கக் கூப்பிட்டார்கள். நான் மறுத்துக்கொண்டே இருந்தேன். எம்மெட் மட்டும் கூப்பிட்டபோதெல்லாம் போனார். பதினொரு படத்துக்கு நடுவராக இருந்தார் என்று பின்னால் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை கேட்டேன்.

"எப்படி முடியுது உங்களால? உங்களுக்குப் பண்ணினதுக்கப்புறம்?"

"உக்காந்து படிக்கறேன். அப்புறம் எழுதி அனுப்பறேன்."

"யார் யாரா இருக்கும்னு தோணாதா?"

"தோணும். தோணினா திருப்பி அனுப்பிடறேன். நாலு தடவை அனுப்பியிருக்கேன்" என்றார், வெங்காயத்தை ஒதுக்கிக்கொண்டே.

1973-இல் முதல் தடவை நெஞ்சு வலி வந்தது. வேலையை விட்டுவிட்டு அவரும் அடெலும் ஓஹாய் ஊருக்குப் போய்விட்டார்கள். சின்ன வீடு, முன்னால் இரண்டு எலுமிச்சை மரம். ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது, அந்த இரண்டு படக்கதையில் ஒன்றைப் படிக்கத் தருவீர்களா என்று கேட்டேன். பல வருடமாகக் கேட்கத் தோன்றாமல் இல்லை. கேட்க வாய் வரவில்லை.

"எதுக்கு?" என்றார்.

"படிக்கறதுக்கு."

அடெல் அடுப்பில் கோழியைத் திருப்பிக்கொண்டே, "குடுங்களேன். அலமாரியில தூங்கிட்டுதானே இருக்கு" என்றாள்.

கொண்டுவந்து வைத்தார். சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் படித்து முடித்தேன். அவர் தோட்டத்துக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு தபால்காரனைப் பற்றிய கதை. முதல் பாதி நான் படித்த எதையும்விட நன்றாக இருந்தது. பின்பாதியில் தளர்ந்துபோயிருந்தது. யாரோ பின்னால் நின்று அவசரப்படுத்தியது போல ஆட்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"அறுபத்திரண்டாம் பக்கம் வரைக்கும் ஒரு வார்த்தை தொட வேண்டாம்" என்றேன். "அதுக்கு மேல நீங்க அவனை நம்பல. அவன் பொண்டாட்டிகிட்டப் பேசற பேச்செல்லாம் படம் பாக்கறவங்களுக்காகப் பேசறான்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அறுபத்திரண்டா, அறுபத்துமூணா?"

"அறுபத்துமூணு பாதியில."

"காட்டு."

காட்டினேன். பென்சிலை எடுத்தார். அடெல் தட்டுகளை வைக்க இடம் கேட்கிறவரை ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே போனோம். அவர் வேண்டாம் என்றதை நான் சில இடத்தில் காப்பாற்றினேன், நான் வேண்டாம் என்றதை அவர் சில இடத்தில் காப்பாற்றினார். அதற்கப்புறம் நான்கு சனிக்கிழமை போனேன். சுத்தமாக நான் டைப் அடித்துக் கொடுத்தேன். ஏஜென்ட் மறுபடி எடுத்துக்கொண்டு போனார். யாரும் வாங்கவில்லை.

எம்மெட் 1976 பிப்ரவரியில் இறந்தார். தொழில் பத்திரிகையில் பதினாறு வரி போட்டிருந்தார்கள். நெப்ராஸ்கா, சிகாகோ, மனைவி பெயர், இருநூற்றுப் பதினான்கு எபிசோட் என்று எல்லாம் சரியாக இருந்தது. பத்திரிகைக்குத் தகவல் எழுதிக் கொடுக்கும்படி அடெல் என்னிடம்தான் சொல்லியிருந்தாள். ‘ரீனோவில் ஒரு வாரம்’ படத்தின் பெயரையும் ஒரு வரியில் சேர்த்திருந்தேன். சங்கத்துப் பதிவில் அப்படி இல்லை என்று பத்திரிகையிலிருந்து போன் பண்ணினார்கள். "பதிவுல இருக்காது, எனக்குத் தெரியும்" என்றேன். போனில் பேசிய பெண் மரியாதையாக, "மன்னிச்சுக்குங்க மேடம், பதிவுல இருக்கறதைத்தான் நாங்க போட முடியும்" என்றாள். அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.